கிளிமஞ்சாரோவுக்கு எந்த வழி? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

கிளிமஞ்சாரோ ஏறப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்து வருகிற கேள்வி பெரும்பாலும் "மரங்கு வழியா, மச்சாமே வழியா?" என்பதுதான். முதல்முறை போகும்போது நானும் அதைத்தான் கேட்டேன். மரங்குதான் சுலபம், ஐந்தே நாள், செலவு குறைவு, படுக்கக் கட்டில்கூட இருக்கும் என்று பதில் வந்தது, நம்பிப் போனேன். ஆறு மாதம் ஓடிப் பழகிய கால்கள், ஒரு வலியும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் மாலை கிபோ குடிலில் குடித்த சூப் அப்படியே வெளியே வந்தது, தலை இரண்டாகப் பிளப்பது போல வலி, நள்ளிரவில் கிளம்பி ஹான்ஸ் மேயர் குகை வரை எப்படியோ போனேன், அங்கே கைடு என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து லெமோஷோ வழியில் எட்டு நாள் எடுத்துப் போனேன், உச்சியைத் தொட்டேன். அதே உடம்பு, பயிற்சி இன்னும் சொல்லப்போனால் குறைவு. மாறியது ஒன்றுதான்: உச்சிக்குக் கிளம்பும் முன் மலையில் எத்தனை இரவு தூங்கினேன், எந்த உயரத்தில் தூங்கினேன் என்பது.

அதனால் இந்த மலைக்கு வழி தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான், வரைபடத்தைப் பிறகு பாருங்கள், முதலில் இரவுகளை எண்ணுங்கள்.

உடம்புக்கு என்ன நடக்கிறது

கிளிமஞ்சாரோ தான்சானியாவின் வடக்கில், கென்யா எல்லையை ஒட்டி நிற்கிற எரிமலை. கிபோ, மவென்சி, ஷிரா என்று மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்தது. நாம் ஏறுவது கிபோவின் எரிமலை வாய் விளிம்பில் உள்ள உஹுரு உச்சி, 5,895 மீட்டர். உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. கயிறு, பனிக்கோடாலி எதுவும் தெரியாமல் நடந்தே ஏறிவிடக்கூடிய மலை என்பதால் நிறையப் பேர் வருகிறார்கள், அதே காரணத்தால் நிறையப் பேர் இதைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள்.

உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும், அவசரப்படுத்த முடியாது. நம் ஊரில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். மரங்கு வழியில் முதல் இரவு தங்குகிற மண்டாரா குடில் 2,720 மீட்டரில் இருக்கிறது. அதாவது தென்னிந்தியாவின் மிக உயரமான இடத்தைத் தாண்டித்தான் அங்கே முதல் இரவே தொடங்குகிறது. நம் ஊரில் எத்தனை மலை ஏறியிருந்தாலும் அது காலுக்கும் நெஞ்சுக்கும் பயிற்சி, உயரத்துக்குப் பயிற்சி ஆகாது.

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியபிறகு, படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போகிறோம் என்பதைவிட, இரவு எங்கே தலை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் போன ஐந்து நாள் மரங்குவைப் பாருங்கள். மண்டாரா 2,720, ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. ஒவ்வொரு இரவும் ஆயிரம் மீட்டர் ஏற்றம், நான்காவது இரவு பிறக்கும் முன்பே உச்சிக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். பாதை சுலபம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதை நிஜமாகவே சுலபம்தான். அந்தச் சுலபமே ஆளை வேகமாக மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

முதல் வேலை: தாளில் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுக்கிற திட்டத்தில் ஒவ்வொரு இரவும் தங்குகிற முகாமின் பெயரையும் உயரத்தையும் வரிசையாக எழுதுங்கள். எட்டு நாள் பயணம் என்று விளம்பரத்தில் இருக்கும், அதில் இரண்டு நாள் மலையடிவார ஊரான மோஷியில் ஓட்டலில் தங்குவதாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், மலைமேல் எத்தனை நாள் என்று தனியாகக் கேளுங்கள். மலைமேல் இருக்கிற நாட்களில் இரண்டைக் கழித்தால் உச்சிக்குக் கிளம்பும் முன் உங்களுக்குக் கிடைக்கிற இரவுகள் வந்துவிடும், ஏனென்றால் கடைசி இரண்டு நாளும் உச்சிக்கும் இறக்கத்துக்கும் போய்விடுகிறது. ஐந்து நாள் என்றால் மூன்று இரவு, ஏழு நாள் என்றால் ஐந்து, எட்டு என்றால் ஆறு.

என் கருத்தில் முதல்முறை போகிறவருக்கு ஐந்து இரவுக்குக் குறைவான எந்தத் திட்டமும் வேண்டாம். ஆறு கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம்தான் வழிகள்

மரங்கு தென்கிழக்கிலிருந்து ஏறுகிறது. கூடாரம் இல்லாமல் குடில்களில் படுக்கக்கூடிய ஒரே வழி இதுதான், மழைக்காலத்தில் அது பெரிய ஆறுதல். ஏறுவதும் இறங்குவதும் ஒரே பாதையில். 1889-ல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதல்முறையாக உச்சியை அடைந்தபோது ஏறியதும் இந்தப் பக்கம்தான். மரங்குவில்தான் போக வேண்டும் என்றால் ஆறு நாள் எடுங்கள், ஹொரொம்போவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கி, பகலில் வரிக்குதிரைப் பாறை வரை ஏறிவிட்டு வந்து படுக்கலாம். அப்போதும் ஹொரொம்போவிலிருந்து கிபோவுக்கு அந்த ஆயிரம் மீட்டர் தாவல் இருக்கத்தான் செய்யும்.

மச்சாமே தெற்கிலிருந்து வருகிறது, மிக அதிகமானவர்கள் போகிற வழி, கூட்டமும் அப்படித்தான். முதல் நாள் மழைக்காட்டில் சேறு, இரண்டாம் நாள் செங்குத்தாக ஷிரா முகாம், மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறைக்கோபுரம் வரை சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு மறுபடி 3,900 சில்லறைக்கு இறங்கி பாரங்கோ முகாமில் தூக்கம். அந்த மூன்றாம் நாள்தான் இந்த வழியின் பொக்கிஷம். மேலே போய் உடம்புக்கு ஒரு அறிமுகம் கொடுத்துவிட்டு இறங்கி வந்து தூங்குவது, இதைவிட நல்ல பழக்கம் கிடையாது. லாவா டவரில் தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், பாரங்கோ வருவதற்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் கைடிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

மச்சாமேயை ஆறு நாளிலும் விற்கிறார்கள், ஏழு நாளிலும் விற்கிறார்கள். ஆறு நாள் திட்டத்தில், பாரங்கோவுக்கு அடுத்து வர வேண்டிய கரங்கா முகாம் காணாமல் போயிருக்கும். காலையில் பாரங்கோ சுவரில் ஏறி, கரங்கா பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, நிற்காமல் 4,670 மீட்டரில் உள்ள கடைசி முகாமான பராஃபு வரை நடந்து, சாப்பிட்டுச் சில மணிநேரம் படுத்து, நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஒரே ஒரு இரவு கூடுதலாகக் கேட்டு அந்த நாளை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள், விலையில் வருகிற வித்தியாசத்தை வேறு எங்காவது மிச்சப்படுத்தலாம்.

லெமோஷோ மேற்கிலிருந்து தொடங்குகிறது. பூங்காவின் நுழைவாயிலான லொண்டொரொசி கேட் வரை வண்டியில் போக நேரம் பிடிக்கும், ஆனால் போனபிறகு முதல் நாள் காட்டில் கருப்பு வெள்ளை கொலபஸ் குரங்குகளைத் தவிரச் சத்தம் இல்லை. அதற்கப்புறம் ஷிரா பீடபூமி, இடிந்து விழுந்த பழைய எரிமலையின் தரை, அதன்மேல் ஒரு நாள் முழுக்க கிபோவைப் பார்த்துக்கொண்டே நடப்பது. எட்டு நாள் திட்டத்தில் இரவு உயரங்கள் ஏறக்குறைய இப்படி வரும்: 2,700, 3,500, 3,850, 3,950, 4,000, 4,670. நடுவில் மூன்று இரவு கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள், இதுதான் உடம்பு கேட்கிறது. முதல் தாவலும் கடைசித் தாவலும் 500-ஐத் தாண்டுகின்றன, ஆனால் கடைசித் தாவலுக்குமுன் போதுமான நாள் கொடுத்திருக்கிறோம். லாவா டவருக்கு அருகில் மச்சாமே வழியோடு சேர்ந்துவிடும், அதற்குமேல் கூட்டம் இரண்டுக்கும் பொது. பணமும் விடுப்பும் இருக்கிற முதல்முறைக்காரர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வழியைத்தான்.

ரொங்காய் வடக்கிலிருந்து, கென்யா எல்லைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. மலையின் அந்தப் பக்கத்தில் மழை குறைவு, சரிவு மெதுவாக ஏறும், ஆள் நடமாட்டமும் குறைவு. ஏழு நாள் திட்டத்தில் மவென்சி சிகரத்தின் அடியில் உள்ள சின்னக் குட்டையின் ஓரம், 4,300 மீட்டர் வாக்கில், இரண்டு இரவு தங்குவது போல அமைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த மவென்சி ஒரு கோட்டைச் சுவர் போல மேலே நிற்கும், மறுநாள் அங்கிருந்து கிபோவுக்கு இடையில் உள்ள வெட்டவெளியைக் கடக்கும்போது வேறு ஏதோ கிரகத்தில் நடப்பது போல இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். இறக்கம் மரங்கு பக்கம்.

வடக்குச் சுற்று லெமோஷோவில் தொடங்கி, கிபோவை வடக்காகச் சுற்றி மறுபக்கம் போய் ஏறுகிறது, சுமார் 90 கிலோமீட்டர், ஒன்பது நாள். எல்லாவற்றிலும் நீளம், செலவும் அதிகம், உயரத்துக்குப் பழக இதைவிட நிதானமான வழி இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே ஒருமுறை உயர நோய் வந்து திரும்பியவர்கள் இதை யோசிக்கலாம்.

உம்ப்வே வேண்டாம். மிகச் செங்குத்து, இரண்டாம் இரவே பாரங்கோ. ஷிரா வழி என்று தனியாக ஒன்று விற்பார்கள், அதில் 3,000 மீட்டருக்கு மேல் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், முதல் இரவே தலைவலியோடு தொடங்கும், அதுவும் வேண்டாம். மேற்கு உடைப்பு (Western Breach) என்ற பாறைச் சரிவு வழியாக உச்சி என்று யாராவது ஆசை காட்டினால் கண்டிப்பாக வேண்டாம், அங்கே பாறைகள் உருண்டு விழும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

பாரங்கோ சுவரைப் பற்றி ஒரு வார்த்தை

மச்சாமே, லெமோஷோ இரண்டிலும் இது வரும். சுமார் 250 மீட்டர் உயரம், கீழே முகாமிலிருந்து பார்த்தால் இதில் எப்படி ஏறுவது என்று வயிறு கலங்கும். கிட்டப் போனால் பாதை வளைந்து வளைந்து போவது தெரியும். கயிறு தேவையில்லை, ஆனால் சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும், ஓரிடத்தில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர வேண்டும். நடைக்கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டர்கள் தலையில் மூட்டையோடு பக்கத்தில் ஏறிப் போவார்கள், அவர்களுக்குச் சுவரை ஒட்டி நின்று வழி விடுங்கள். உயரத்தைப் பார்த்தாலே கைகால் நடுங்குகிறவர் என்றால் ரொங்காய் அல்லது ஆறு நாள் மரங்கு எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறொன்றும் இல்லை.

எந்த மாதம்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. ஜனவரி, பிப்ரவரி நல்லது, ஜூன் முதல் அக்டோபர் வரையும் நல்லது. மழை மாதத்தில்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் ரொங்காய் பக்கம் பாருங்கள். பௌர்ணமிக்கு ஒட்டி உச்சி இரவு வருவதுபோல தேதி போட்டால் நிலா வெளிச்சத்திலேயே நடக்கலாம், நான் இரண்டாம்முறை அப்படித்தான் போட்டேன். ஆனால் அந்த யோசனை எல்லோருக்கும் வருகிறது, அன்றைக்குக் கூட்டமும் இருக்கும்.

பணம், நிறுவனம், போர்ட்டர்கள்

கைடு இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி கிடையாது, உரிமம் பெற்ற நிறுவனம் மூலமாகத்தான் போக முடியும். தேசியப் பூங்காவுக்குக் கட்டுகிற கட்டணம் நாள் கணக்கு, முகாம் கட்டணம் இரவு கணக்கு, இரண்டும் டாலரில், வரியையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல் போய்விடும். இது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். அதனால் ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைவாக விலை சொல்கிறார் என்றால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். பூங்காக் கட்டணத்தில் குறைக்க முடியாது. போர்ட்டரின் கூலியில், அவர் சாப்பாட்டில், அவர் படுக்கிற கூடாரத்தில்தான் கை வைக்க முடியும்.

நம் மூட்டை, நம் கூடாரம், நம் தண்ணீர், நம் முட்டை எல்லாவற்றையும் மேலே கொண்டுவருகிறவர்கள் அவர்கள். கரங்காவுக்கு மேல் தண்ணீர் கிடையாது, பராஃபுவில் நீங்கள் குடிக்கிற ஒவ்வொரு டம்ளரும் ஒருவர் தலையில் ஏறி வந்தது. ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, கேட்டில் எடை போடுவார்கள். கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, நியாயமான கூலியும் சாப்பாடும் தருகிற நிறுவனங்களைத் தன்னோடு இணைத்து வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நாம் செய்யக்கூடிய மிக எளிய நல்ல காரியம். டிப்ஸ் பணத்தைத் தனியாக, கசங்காத புது டாலர் நோட்டாக எடுத்துவையுங்கள், முதல்முறையே அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

முன்பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: மலைமேல் எத்தனை இரவு, எந்தெந்த முகாம், எத்தனை பேருக்கு ஒரு கைடு, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியும் அவசர ஆக்சிஜன் சிலிண்டரும் கூட வருமா, ஒருவர் மட்டும் இறங்க வேண்டி வந்தால் அவரோடு கைடு ஒருவர் தனியாக இறங்குவாரா, மற்றவர்கள் தொடர்ந்து ஏற முடியுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து போகிற நட்புக் குழுவில் ஒருவருக்கு முடியாமல் போய், மற்ற மூவருக்காக அவர் தன் தலைவலியை மறைப்பதுதான் மலையில் நடக்கிற மிக ஆபத்தான விஷயம்.

கிளம்பும் முன்

மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால் கட்டாயம். அசிடசோலமைடு என்ற மாத்திரையை, டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும், உயரத்துக்குப் பழக உதவ எழுதித் தருவார்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், இரண்டும் அந்த மருந்தின் வேலைதான். மாத்திரை இருக்கிறது என்று நாளைக் குறைக்காதீர்கள். காப்பீடு எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை மலையேற்றம் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அது இருக்காது. பிளாஸ்டிக் பைகளில் துணி சுருட்டிக் கொண்டுபோகிற நம் பழக்கமும் அங்கே செல்லாது, 2019 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை, துணிப்பையோ தண்ணீர் புகாத பையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஓட்டத்தைவிடப் படி ஏறுவது மேல். முதுகில் ஆறேழு கிலோ பையோடு ஏறுங்கள், முக்கியமாக இறங்கியும் பழகுங்கள். மச்சாமே, லெமோஷோ வழிகளில் போனால் உச்சியைத் தொட்ட அதே நாளில் ம்வேகா முகாம் வரை, 3,100 மீட்டருக்கு, கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறங்க வேண்டியிருக்கும், முட்டி அங்கேதான் அழும்.

மலையில் காதில் விழுந்துகொண்டே இருக்கிற சொல் "போலே போலே", மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். இவ்வளவு மெதுவாகவா என்று முதல் நாள் எரிச்சல் வரும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு அறுபட்டால் வேகம் கூடிவிட்டது. தினமும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், பசிக்காவிட்டாலும் சாப்பாடு.

உச்சி இரவு நள்ளிரவுக்குக் கிளம்புவார்கள். குளிர் மைனஸ் பத்து, சில நாள் மைனஸ் இருபது. தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாய் உறைந்துவிடும், அதனால் பாட்டிலைத் தலைகீழாகப் பைக்குள் வையுங்கள், உறைவது மேல்பக்கம்தான் என்பதால் மூடிப்பக்கம் திறக்க வரும். பராஃபுவிலிருந்து ஏறுகிறவர்கள் 5,756 மீட்டரில் ஸ்டெல்லா முனையில் விளிம்பை அடைவார்கள், அங்கிருந்து உஹுருவுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. கிபோ குடிலிலிருந்து ஏறுகிறவர்களுக்கு 5,685 மீட்டரில் கில்மன் முனை, அங்கிருந்து இன்னும் இரண்டு மணிநேரம் வரை ஆகும், வழி தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

தலைவலி மாத்திரைக்கு அடங்காமல் கூடுகிறது, நடை தள்ளாடுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கிறது, இருமலில் நுரை வருகிறது: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அன்றைக்கு என்னை இறக்கிவிட்ட கைடுமேல் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். ஹொரொம்போ வந்து தலை தெளிந்தபிறகுதான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் திரும்புகிற விமானத்தை மலையிலிருந்து இறங்குகிற நாளன்றே போடாதீர்கள். அன்று மதியம்தான் கேட்டுக்கு வந்து சேர்வீர்கள், சான்றிதழ் வாங்க வரிசை இருக்கும், போர்ட்டர்களோடு நின்று பேசி டிப்ஸைப் பிரித்துக் கொடுக்கவே ஒரு மணிநேரம் வேண்டும். மோஷியில் ஓர் இரவு தங்குங்கள், ஒரு வாரத்துக்கு அப்புறம் வெந்நீரில் குளித்துவிட்டு, மேகம் விலகினால் மாடியில் ஏறி அந்த மலையை இன்னொருமுறை பாருங்கள்.